ஒன்பது அங்குலத் தட்டும் மூன்றாவது கரண்டியும்

வாசகி கடிதம்:

எங்கள் வீடு கன்னியாகுமரி மாவட்டத்தில் கருங்கல் பக்கம். என் கணவருக்கு 58 வயது. வளைகுடாவில் 22 ஆண்டுகள் வேலை பார்த்துவிட்டு மூன்று ஆண்டுகளுக்கு முன் ஊரோடு வந்துவிட்டார். வந்த வருடமே சர்க்கரை என்று சொல்லிவிட்டார்கள். இரண்டு வகை மாத்திரை சாப்பிடுகிறார். கடைசியாகப் பார்த்த மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை (HbA1c) 8.4.

வெளிநாட்டில் நர்ஸாக இருக்கும் எங்கள் மகள் லீவுக்கு வந்தபோது, வீட்டிலிருந்த பன்னிரண்டு அங்குல எவர்சில்வர் தட்டுகளை எல்லாம் மச்சில் ஏற்றிவிட்டு, மார்த்தாண்டத்தில் போய் ஒன்பது அங்குலப் பீங்கான் தட்டு ஆறு வாங்கி வந்தாள். சின்னத் தட்டில் சாப்பிட்டால் தன்னாலேயே சாப்பாடு குறையும், இது ஆராய்ச்சியில் நிரூபித்த விஷயம் என்றாள். இரண்டு மாதம் ஆகிறது. எடை ஒரு கிலோகூடக் குறையவில்லை. முன்பு இரண்டு தடவை சோறு கேட்டவர் இப்போது மூன்று தடவை கேட்கிறார். மாமியாருக்கு 82 வயது. இன்றும் சோறு விளம்புவது அவர்தான். "என் பிள்ளைக்குப் பூனைக்கு வைப்பதுபோல் வைக்கிறீர்கள்" என்று தினமும் என்னிடம் சண்டை. மகளிடம் சொன்னால், அப்படியானால் ஏழு அங்குலத் தட்டு வாங்குங்கள் என்கிறாள்.

வாங்கலாமா? சின்னத் தட்டு என்பது உண்மையில் பலன் தருமா? நாங்கள் சம்பா அரிசிதான் சமைக்கிறோம். அது சர்க்கரைக்கு நல்லதுதானே?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

ஏழு அங்குலத் தட்டு வாங்க வேண்டாம். மச்சில் ஏற்றிய பழைய தட்டுகளில் ஒன்றைக் கீழே இறக்குங்கள். உங்கள் மாமியார் இதைக் கேட்டால் வெற்றி பெற்றுவிட்டதாக நினைப்பார். முழுக் கடிதத்தையும் படித்த பிறகு அவரிடம் சொல்லுங்கள், அவருக்கும் இதில் வேலை இருக்கிறது.

முதலில் ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். சின்னத் தட்டு யோசனையை நானும் பல ஆண்டுகள் என்னிடம் வந்தவர்களுக்குச் சொல்லிக்கொண்டிருந்தவள்தான். ஒருமுறை கடற்கரை ஊரிலிருந்து வந்த ஒரு மீனவப் பெரியவரிடம் இதைச் சொன்னேன். அவர் சிரித்துவிட்டு, "நான் கரைக்கு வந்தால் சோற்றுப் பானைக்குப் பக்கத்தில்தான் உட்காருவேன் டாக்டரம்மா, தட்டை யார் பார்த்தார்கள்?" என்றார். (நான் டாக்டர் இல்லை, உணவியல் ஆலோசகர். நம் மாவட்டத்தில் வெள்ளைக் கோட்டுப் போட்டால் எல்லோரும் டாக்டரம்மாதான்.) அன்று அவர் பேச்சைச் சரியாகக் கேட்டிருந்தால் எனக்குச் சில ஆண்டுகள் மிச்சமாகியிருக்கும்.

உங்கள் மகள் சொன்னதற்கு அடிப்படை இல்லாமல் இல்லை. வீட்டில் ஒரே அளவில் இரண்டு பப்படம் பொரித்து, ஒன்றைப் பழைய பெரிய தட்டின் நடுவிலும் மற்றதைப் புதுத் தட்டின் நடுவிலும் வைத்துப் பாருங்கள். சின்னத் தட்டில் இருப்பது பெரிதாகவும் பெரிய தட்டில் இருப்பது சுருங்கியும் தெரியும். வட்டத்துக்குள் இருக்கும் வட்டத்தைக் கண் இப்படித்தான் தப்பாக அளக்கிறது. இதை 1865ஆம் ஆண்டிலேயே டெல்பூஃப் என்ற பெல்ஜிய அறிஞர் எழுதிவைத்தார். இன்றும் அவர் பெயரால்தான் இந்த மயக்கத்தைச் சொல்கிறார்கள். கண் மயங்குகிறது என்பதில் எந்தச் சந்தேகமும் இல்லை. கண் மயங்கினால் வயிறும் மயங்குமா என்பதுதான் கேள்வி.

மயங்கும் என்று உலகம் முழுவதும் நம்ப வைத்தவர்களில் முக்கியமானவர் அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்த பிரையன் வான்சிங்க். ஊட்டச்சத்து நிபுணர்கள் கூடிய ஒரு விருந்தில் பெரிய கிண்ணம் பெற்றவர்கள் 31 விழுக்காடு அதிகமாக ஐஸ்கிரீம் எடுத்துப் போட்டுக்கொண்டார்கள் என்று 2006இல் எழுதினார். என் தொழில்காரர்களே ஏமாந்தார்கள் என்றால் யாருக்குத்தான் பிடிக்காது? பத்திரிகை, தொலைக்காட்சி, பாடப்புத்தகம் எல்லாவற்றிலும் அவர் பேச்சு ஏறியது. பிறகு மற்ற ஆய்வாளர்கள் அவருடைய கட்டுரைகளை எடுத்து எண்களைக் கூட்டிக் கழித்துப் பார்த்தபோது பல கட்டுரைகளில் கணக்கு நிற்கவில்லை. 2018 செப்டம்பரில் ஒரு பெரிய மருத்துவ இதழ்க் குழுமம் அவருடைய ஆறு கட்டுரைகளை ஒரே வீச்சில் திரும்பப் பெற்றது. பல்கலைக்கழகமும் விசாரித்து, தரவுகளைத் தவறாகக் காட்டியது உள்ளிட்ட முறைகேடுகள் நடந்திருக்கின்றன என்று அறிவித்தது. அவர் பதவி விலகினார். அந்த ஐஸ்கிரீம் கட்டுரை திரும்பப் பெறப்பட்டவற்றில் ஒன்று என்று நான் சொல்ல வரவில்லை. ஒரு கடைக்காரரின் தராசு தப்பு என்று தெரிந்த பிறகு அவரிடம் வாங்கிய எல்லாவற்றையும் வீட்டில் ஒருமுறை நிறுத்துப் பார்ப்போம் இல்லையா, அவ்வளவுதான்.

இதை வைத்துக்கொண்டு மகளைக் குத்திக்காட்ட வேண்டாம். அவள் படித்த காலத்தில் அவளுக்குச் சொல்லிக்கொடுத்தவர்களும் இதைத்தான் படித்திருப்பார்கள்.

வேறு தராசில் நிறுத்தவர்கள் என்ன கண்டார்கள்? அதே அமெரிக்காவில் பார்பரா ரோல்ஸ் என்ற ஆய்வாளரின் குழு 2007இல் 17, 22, 26 சென்டிமீட்டர் என்று மூன்று அளவுத் தட்டுகளைக் கொடுத்துச் சாப்பிட வைத்தது. சாப்பிட்ட அளவில் சொல்லிக்கொள்ளும்படி வேறுபாடு இல்லை. பல உணவுகளைப் பரப்பிவைத்து எடுத்துக்கொள்ளச் சொன்னபோது, சின்னத் தட்டுக்காரர்கள் ஒன்றே ஒன்றை அதிகமாகச் செய்தார்கள். மேசைக்கு எழுந்துபோன தடவைகள் கூடின. உங்கள் கணவர் மூன்றாவது முறை சோறு கேட்பதும் அதேதான். அவர் எழுந்து போவதில்லை, குரல் கொடுக்கிறார்.

இன்னொரு ஆய்வு எனக்கு மிகவும் பிடிக்கும். இஸ்ரேலின் பென்குரியன் பல்கலைக்கழகத்தில் 2018இல் செய்தது. சில மணி நேரம் சாப்பிடாமல் இருந்தவர்களுக்கும் சற்று முன்தான் சாப்பிட்டவர்களுக்கும் வெவ்வேறு அளவுத் தட்டுகளில் பீட்சாவைக் காட்டினார்கள். சாப்பிட்டவர்கள் தட்டைப் பார்த்து ஏமாந்தார்கள். பசித்தவர்களுக்கு உணவின் அளவு அவர்களைவிடச் சரியாகத் தெரிந்தது. பசி வந்தால் பத்தும் பறந்துபோகும் என்பார்கள். அந்தப் பத்தோடு கண்மயக்கமும் பறந்துவிடும் போலிருக்கிறது. காலையில் இரண்டு இட்லியோடு தென்னந்தோப்புக்குப் போய்விட்டு ஒன்றரை மணிக்கு வந்து உட்காருகிற மனிதரிடம் தட்டு என்ன வித்தை காட்டினாலும் நடக்காது.

நியாயத்துக்கு மறுபக்கமும் சொல்ல வேண்டும். பாத்திரம், பொட்டலம், பரிமாறும் அளவு எல்லாவற்றையும் சேர்த்துப் பல ஆய்வுகளைத் தொகுத்து, மருத்துவ ஆய்வுகளை அலசும் காக்ரேன் அமைப்பின் மதிப்பாய்வு ஒன்று 2015இல் வந்தது. அதிகமாக வைத்தால் மனிதர்கள் அதிகமாகத் தின்கிறார்கள் என்பது அதில் தெளிவாகத் தெரிந்தது. ரோல்ஸ் குழுவே 2002இல் மக்ரோனியை 500 கிராம் முதல் 1,000 கிராம் வரை நான்கு அளவுகளில் வைத்துப் பார்த்தபோது, பெரிய அளவு பெற்றவர்கள் சிறிய அளவு பெற்றபோது தின்றதைவிட 30 விழுக்காடு அதிகக் கலோரி தின்றிருந்தார்கள். ஆகவே எவ்வளவு வைக்கிறோம் என்பதற்குப் பலம் உண்டு. தட்டின் விட்டத்துக்கு அந்தப் பலம் நிச்சயமில்லை. 2016இல் வந்த ஒரு தொகுப்பாய்வு இந்த இரண்டையும் ஓரளவு இணைத்துக் காட்டியது. தட்டின் அளவு வேலை செய்வது பெரும்பாலும் சாப்பிடுகிறவர் தானே எடுத்துப் போட்டுக்கொள்ளும்போது. அதிலும் தம்மை யாரோ கவனிக்கிறார்கள் என்று அவருக்குத் தெரியாதபோது.

இப்போது உங்கள் வீட்டைப் பாருங்கள். உங்கள் கணவர் தாமே எடுத்துப் போட்டுக்கொள்கிறாரா? இல்லை. தாயார் விளம்புகிறார். கவனிக்கப்படுகிறோம் என்று தெரியாமலா இருக்கிறது? இரண்டு மாதமாக வீட்டில் அதைத் தவிர வேறு பேச்சே இல்லை. தட்டு ஒரு கண்ணை ஏமாற்ற வேண்டுமென்றால் அது கரண்டி பிடிக்கிறவரின் கண்ணைத்தான் ஏமாற்ற வேண்டும். அறுபது வருடமாகச் சோறு விளம்பிய கை அது. அது தட்டின் விளிம்பைப் பார்த்து அளப்பதில்லை, கரண்டியை எண்ணி அளக்கிறது. பிள்ளைக்கு மூன்று கரண்டி என்று அந்தக் கைக்குத் தெரியும். தட்டு கொள்ளவில்லை என்றால் இரண்டைப் போட்டுவிட்டுப் பானையோடு பக்கத்தில் நிற்கும்.

மகள் போட்ட கணக்கும் ஓர் இடத்தில் சறுக்குகிறது. பன்னிரண்டு அங்குலத் தட்டின் பரப்பும் ஒன்பது அங்குலத் தட்டின் பரப்பும் 144க்கு 81. அதாவது 44 விழுக்காடு குறைவு. சோறும் அவ்வளவு குறையும் என்று அவள் நினைத்திருக்கலாம். சோற்றைக் கோலம்போல் பரப்பி யாரும் சாப்பிடுவதில்லை. சின்னத் தட்டில் அது மேலே ஏறும். அடுத்த முறை அவர் சாப்பிடும்போது கவனியுங்கள். முதலில் குவியல். குவியலின் உச்சியில் விரலால் ஒரு குழி. குழியில் மீன்குழம்பு. தட்டு சிறிதானதால் குழம்பு ஓரத்தில் வழியாமல் இருக்க வேண்டும், அதற்குச் சோற்றால் ஒரு வரப்பு. வரப்பு உடைந்து பிசைந்து முடிக்கும்போது சோறு தீர்ந்து குழம்பு கொஞ்சம் நிற்கும். "கொஞ்சம் சோறு" என்பார். வருகிற சோறு அந்தக் குழம்புக்குக் கூடுதலாக இருக்கும். "கொஞ்சம் குழம்பு" என்பார். குழம்பு மிஞ்சினால் சோறு, சோறு மிஞ்சினால் குழம்பு. இரண்டும் ஒரே நேரத்தில் தீர்ந்த வீட்டை நம் மாவட்டத்தில் நான் இன்னும் பார்க்கவில்லை. உங்கள் கணவரின் மூன்றாவது கரண்டி பசியால் வருவது அல்ல, மிஞ்சிய குழம்பால் வருவது என்பது என் ஊகம். ஊகம்தான், ஆனால் பந்தயம் கட்டச் சொன்னால் கட்டுவேன்.

சின்னத் தட்டில் எனக்குப் பெரிய குறை வேறொன்று. இடம் சுருங்கும்போது முதலில் வெளியேறுவது சோறு அல்ல, துவரன், அதாவது தேங்காய் போட்ட பொரியல். பயற்றங்காய்த் துவரனும் முருங்கையிலையும் தட்டின் ஓரத்தில் எலுமிச்சங்காய் அளவுக்கு ஒதுங்கிவிடும். அவியல் தனிக் கிண்ணத்துக்குப் போய்விடும், பிறகு கிண்ணத்திலேயே இருந்துவிடும். 2014இல் சுவிட்சர்லாந்தில் ஓர் ஆய்வு நடந்தது. 27 சென்டிமீட்டர் தட்டும் 32 சென்டிமீட்டர் தட்டும் கொடுத்து, செயற்கை உணவுகளிலிருந்து ஒரு வேளைச் சாப்பாட்டை எடுத்துவைக்கச் சொன்னார்கள். மொத்தக் கலோரியில் குறிப்பிடத்தக்க வேறுபாடு வரவில்லை. பெரிய தட்டுக்காரர்கள் காய்கறி அதிகம் வைத்துக்கொண்டார்கள். சர்க்கரை இருக்கும் வீட்டில் இந்த ஒரு காரணமே போதும் பழைய தட்டை இறக்குவதற்கு.

தட்டைச் சின்னதாக்குவதைவிடத் தட்டில் கோடு போடுவது பலன் தரும். கனடாவில் சர்க்கரையும் உடல்பருமனும் உள்ள 130 பேரை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு எது எவ்வளவு என்று கோடு பிரித்த தட்டைக் கொடுத்தார்கள். ஆறு மாதம் கழித்துக் கோட்டுத் தட்டுக்காரர்களின் எடை 1.8 விழுக்காடு குறைந்திருந்தது, மற்றவர்களுக்கு 0.1 விழுக்காடு. சர்க்கரை மருந்தைக் குறைக்க முடிந்தவர்களும் முதல் குழுவில்தான் அதிகம். 2007இல் வெளியான ஆய்வு இது. எடைக் குறைவு பெரிதல்ல என்று நீங்கள் சொல்லலாம், நானும் சொல்வேன். ஆனால் வெறும் தட்டுக்கு அது கெட்ட கூலி அல்ல.

அதற்காக இன்னொரு தட்டு வாங்கப் போய்விடாதீர்கள். பழைய எவர்சில்வர் தட்டில் மனத்தால் ஒரு கோடு போட்டுக்கொள்ளுங்கள். பாதித் தட்டு துவரன், அவியல், வெள்ளரிக்காய், கீரை. கால் பங்கு மீனோ முட்டையோ பயறோ. மிச்சக் கால் பங்கு சோறு. ஹைதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024இல் வெளியிட்ட வழிகாட்டியும் தட்டில் பாதி காய்கறியும் பழமுமாக இருக்கட்டும் என்றுதான் சொல்கிறது. 2,000 கலோரி உண்ணும் ஒருவருக்கு அது ஒரு நாளைக்குக் காய்கறி 400 கிராம், தானியம் சமைக்காத நிலையில் 250 கிராம் என்று கணக்கு வைத்திருக்கிறது. நம் வீடுகளில் இந்த இரண்டு எண்களும் இடம் மாறிக் கிடக்கின்றன.

விளம்பும் வரிசையை மாற்றுங்கள். கல்யாணப் பந்தியில் எப்படி விளம்புகிறார்கள்? இலையில் உப்பு, ஊறுகாய், பச்சடி, கிச்சடி, துவரன், அவியல் எல்லாம் வந்து அமர்ந்த பிறகுதான் சோறு வரும். வீட்டில் மட்டும் ஏன் தட்டு வைத்தவுடன் நடுவில் சோற்றைக் கொட்டுகிறோம்? காய்களும் மீனும் தட்டில் வரட்டும். அவர் நாலு வாய் அதைச் சாப்பிடட்டும். பிறகு சோறு. காய்கறியும் புரதமும் முன்னால் போய் மாவுச்சத்து பின்னால் போனால் சாப்பிட்ட பின் ஏறும் சர்க்கரை குறைகிறது என்று சிறிய அளவிலான ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. செலவில்லாத காரியம், செய்து பார்க்கலாம்.

சோற்றைக் கரண்டியால் போட வேண்டாம், கிண்ணத்தால் கவிழ்க்க வேண்டும். ஒரு நாள் சமையலறைத் தராசில் 60 கிராம் அரிசியை நிறுத்துத் தனியாக வேகவைத்து வடியுங்கள். அந்தச் சோறு எந்தக் கிண்ணத்தில் நிறைகிறதோ அதுதான் இனி அவருடைய கிண்ணம். ஏறத்தாழ 200 கலோரி. அவர் இப்போது சாப்பிடும் அளவிலிருந்து ஒரே நாளில் இதற்கு இறக்காதீர்கள். முதல் இரண்டு வாரம் இரண்டு கிண்ணம், பிறகு ஒன்றரை, பிறகு ஒன்று. சோற்றுப் பானை அடுக்களையிலேயே இருக்கட்டும். மேசைக்கு வர அனுமதி துவரன் பாத்திரத்துக்கு மட்டும். குழம்பும் சின்னக் கிண்ணத்தில் ஒரே ஒரு தடவை. குழம்பு மிஞ்சினால் துவரனைத் தொட்டு முடிக்கலாம்.

இங்கே ஓர் எச்சரிக்கை. இரண்டு வகை மாத்திரை என்று எழுதியிருக்கிறீர்கள், பெயர் எழுதவில்லை. அவற்றில் கிளிமிபிரைடு, கிளிபென்கிளமைடு போன்ற ஒன்று இருந்தால், சோற்றைச் சட்டென்று குறைக்கும்போது சர்க்கரை அளவுக்கு மீறித் தாழ்ந்துவிடக்கூடும். வியர்வை, கை நடுக்கம், படபடப்பு, தலைசுற்றல் வந்தால் அதுதான். உடனே மூன்று தேக்கரண்டிச் சீனியைத் தண்ணீரில் கரைத்துக் கொடுங்கள், கால் மணி நேரத்தில் சரியாகாவிட்டால் மறுபடியும் கொடுத்துவிட்டு மருத்துவமனைக்குக் கூட்டிப்போங்கள். மயங்கிவிட்டால் வாயில் எதையும் ஊற்றாமல் உடனே மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள். சாப்பாட்டை மாற்றத் தொடங்கும் முன்பே மாத்திரைச் சீட்டோடு உங்கள் மருத்துவரைப் பார்த்து, சோற்றைக் குறைக்கப் போகிறோம் என்று சொல்லிவிடுங்கள். மாத்திரை அளவை அவர்தான் மாற்ற வேண்டும். நீங்களும் மாற்றக் கூடாது, நானும் மாற்றக் கூடாது, மகளும் போனில் மாற்றக் கூடாது.

சம்பா அரிசியைப் பற்றிச் சுருக்கமாக. நல்லதுதான். தவிடு முழுதும் நீங்காமல் சிவப்பு தெரியும் அரிசியில் நார்ச்சத்தும் பி வைட்டமின்களும் தீட்டிய வெள்ளை அரிசியைவிட அதிகம். மாவுச்சத்து மட்டும் ஏறத்தாழ அதே அளவு. சம்பா என்பதற்காக ஒரு கரண்டி கூடுதலாகப் போட்டால் கணக்கு அங்கேயே நேராகிவிடும்.

மரச்சீனியைப் பற்றி, அதாவது மரவள்ளிக்கிழங்கைப் பற்றி, நீங்கள் எழுதவே இல்லை. கருங்கல் பக்கம் வீட்டை வைத்துக்கொண்டு மரச்சீனி சமைப்பதில்லை என்றால் நான் நம்ப மாட்டேன். மத்தியானச் சோற்றோடு ஒரு பக்கம் மரச்சீனியும் இருக்குமானால், அது கறி இல்லை, இன்னொரு சோறு. எடைக்கு எடை பார்த்தால் வேகவைத்த மரச்சீனியில் சோற்றைவிடச் சற்றுக் கூடுதலாகவே கலோரி இருக்கும். மரச்சீனியும் மீன்கறியும் ஆசைப்படும் நாளில் சோற்றுக்கு விடுமுறை. சாயங்காலத்து ஏத்தங்காய் சிப்ஸைப் பற்றி நான் கேட்கவில்லை, நீங்களும் சொல்ல வேண்டாம், வாங்காமல் இருந்தால் போதும்.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் பெரிய கணக்கெடுப்பு ஒன்று 2023இல் வந்தது. தமிழ்நாட்டில் சர்க்கரை நோய் 14.4 விழுக்காடு, கேரளத்தில் 25.5. முன்பு திருவிதாங்கூர் சமஸ்தானத்தில் இருந்த நாம் எண்ணிக்கையில் தமிழ்நாட்டோடு சேர்கிறோம், தட்டில் வருவது பெரும்பாலும் கேரளம் போன்ற திருவிதாங்கூர்ச் சாப்பாடு. நம் மாவட்டத்தைத் தனியாக எண்ணினால் எந்தப் பக்கம் சாயும் என்று எனக்கு அவ்வப்போது கவலை வரும்.

மாமியாருக்கு வருகிறேன். அவர் வீம்புக்குச் சண்டை போடுவதாக நினைக்காதீர்கள். 1942இல் பர்மா அரிசி வருவது நின்றபோது திருவிதாங்கூர் முழுவதும் தவித்தது. அன்று மரச்சீனிதான் பல குடும்பங்களின் உயிரைப் பிடித்து வைத்தது. விசாகம் திருநாள் மகாராஜா அரை நூற்றாண்டுக்கு முன்பே அந்தக் கிழங்கைப் பரப்பியதன் அருமை அப்போதுதான் தெரிந்தது. உங்கள் மாமியார் பிறந்தது அந்தக் காலத்தை ஒட்டி. சோறு என்பது வீட்டில் எண்ணிப் போடும் பொருளாக இருந்ததைப் பார்த்து வளர்ந்த தலைமுறை. பிள்ளையின் தட்டில் வெறும் பீங்கான் தெரிந்தால் அவருக்கு வயிறு எரியும். பெரிய தட்டில் பாதிக்குத் துவரனும் பக்கத்தில் ஒரு துண்டு மீனும் கிண்ணத்துச் சோறுமாக நிறைந்து இருந்தால் அந்தச் சண்டைக்கு வேலை குறையும். பழைய தட்டை இறக்கச் சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம்.

கரண்டியை அவர் கையிலிருந்து பிடுங்காதீர்கள். அரிசி அளப்பதை அவரிடமே கொடுங்கள். "உங்கள் பிள்ளைக்கு இவ்வளவுதான் என்று ஆஸ்பத்திரியில் சொல்லியிருக்கிறார்கள், நான் அளந்தால் கூடிவிடுகிறது, நீங்கள்தான் சரியாக அளப்பீர்கள்" என்று சொல்லிப் பாருங்கள். நாழியும் உரியும் கொண்டு ஒரு மணி சிந்தாமல் அளந்து பழகிய கைக்கு 60 கிராம் கிண்ணம் ஒரு பொருட்டே அல்ல. "இன்னும் கொஞ்சம்" என்று அவர் விளம்ப ஆசைப்பட்டால் அந்த ஆசைக்குத் துவரன் பாத்திரத்தைக் கையில் கொடுங்கள். எத்தனை கரண்டி வேண்டுமானாலும் போடட்டும். தேங்காயை மட்டும் கொஞ்சம் கண்டிக்க வேண்டியிருக்கும்.

அவரிடமிருந்து நீங்கள் எடுத்துக்கொள்ள வேண்டியதும் ஒன்று உண்டு. அவர் சிறுவயதில் கஞ்சி குடித்தது எப்படி என்று கேளுங்கள். பிலாவிலையை (பலா இலையை) வளைத்துக் கோட்டி, ஈர்க்கில் குத்தி, அதில் அள்ளிக் குடித்திருப்பார். ஒரு தடவைக்கு ஒரு வாய்க்கும் குறைவாகத்தான் அதில் வரும். ஒரு கிண்ணக் கஞ்சிக்குக் கால் மணி நேரமாவது ஆகும். இராத்திரிக்குச் சிறுபயறு சேர்த்த கஞ்சி, அரிசி அளந்து போட்டது, தொட்டுக்கொள்ளச் சுட்ட மிளகாய்ச் சம்மந்தி, கூடவே பிலாவிலை. வாரத்தில் இரண்டு நாள் செய்யுங்கள். சின்னத் தட்டைவிடச் சின்னக் கரண்டியில் எனக்கு நம்பிக்கை அதிகம். அதற்கு ஆராய்ச்சி காட்டு என்று உங்கள் மகள் கேட்டால், என் பாட்டி சாப்பிடுவதைப் பார்த்ததுதான் ஆராய்ச்சி என்று சொல்லிவிடுங்கள்.

கல்யாணத்துக்குப் போகும் நாள் தனிக் கணக்கு. அங்கே இலையின் நீளம் குற்றவாளி அல்ல. பருப்பு, சாம்பார், புளிசேரி, ரசம் என்று ஒவ்வொன்றுக்கும் புதிதாகச் சோறு வாங்குவதுதான் ஆளைச் சாய்க்கிறது. சுவை மாறும்போதெல்லாம் நிறைந்த வயிறும் இடம் கொடுக்கும். அதனால்தான் இத்தனைக்கும் பிறகு அடப்பிரதமனுக்கு இடம் இருக்கிறது. முதலில் வாங்கிய சோற்றையே நாலாகப் பிரித்து நாலு குழம்புக்கும் வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். பாயசம் ஒன்று போதும், இரண்டில் எது என்பதை அவரே முடிவு செய்யட்டும். அதில்கூட நாம் தலையிட்டால் மனிதர் பந்திக்கே நம்மோடு வரமாட்டார்.

மூன்று மாதம் கழித்து மறுபடியும் இரத்தப் பரிசோதனை எடுப்பீர்கள் அல்லவா, அந்த எண்ணையும் மாத்திரைகளின் பெயர்களையும் எழுதி அனுப்புங்கள். மார்த்தாண்டத்துப் பீங்கான் தட்டுகளை மச்சில் ஏற்ற வேண்டாம், மகள் அடுத்த லீவுக்கு வரும்போது வருத்தப்படுவாள். சாயங்காலம் ஒரே ஒரு மட்டிப்பழம் வைக்க அவை சரியான அளவு.